அம்மா சீரியஸ், உடனே புறப்படவும்

கிணத்துக்கடவு,
14.8.1995

அன்பு மகள் நந்திதாவுக்கு உன்ற அம்மா தெய்வாத்தாள் எழுதிக்கிறது. நான் உசுரோட, சொகமா இருக்கறேன் கண்ணு. உங்கப்பாவும் சொகம், பெரியநாயக்கன்பாளையத்துல மோட்டார் கம்பெனிக்குப் போற உன்ற அண்ணன் கிருபாவும் சொகம், எருமை மட்டும் ரெண்டு நாளாப் பாலை அடக்கிக்கிட்டுது. அங்க நீ ஒரு கொறையும் இல்லாம இருக்கோணும்னு மாசாணியாத்தாளை வேண்டிக்கறேன். என்ற சொகத்தை மொதல்ல எழுதறதுக்குக் காரணம் இருக்குது, இந்த ஊருல பாதிப்பேரு நான் இன்னிக்கோ நாளைக்கோன்னு கெடக்கறதா நெனைச்சுட்டு இருக்கறாங்க. எல்லாம் நீ பண்ணுன வேலை.

உன்ற கடுதாசி போன வாரம் வந்துது. பெங்களூர்ல மனநல ஆஸ்பத்திரி வார்டுல எட்டு வாரம் நர்சு டிரெய்னிங், ஒன்பது நாள்தான் ஆச்சு, இனி ஒரு நாள்கூட என்னால ஆகாது, அம்மா சீரியஸ் உடனே புறப்படவும்னு அப்பாவைத் தந்தி குடுக்கச் சொல்லுன்னு எழுதியிருந்தே. பாதியில வந்தா இந்த வருசப் படிப்பே போயிரும், தந்தியைக் காட்டுனா லீவாவது குடுப்பாங்க, பொறவு பாத்துக்கலாம்னு ரோசனை. ஏன் அம்மணி, இந்தக் குடும்பத்துல சாகக் கெடத்தறதுக்கு நாந்தான் அகப்பட்டனா? உங்கப்பாவைப் போட்டிருக்கலாம், மத்தியானம் சோறுண்டா மனுசன் எப்படியும் அப்படித்தான் கெடக்கறாரு. உனக்குன்னு ஒப்படைச்ச அந்த ஓசூர்ப் பக்கத்து வயசான அம்மா வாயே தொறக்கறதில்லைன்னும், தெனம் ஒரு மணி நேரம் பக்கத்துல உக்காந்து அவங்க பேசுனது ஒரு பக்கம் நீ பேசுனது ஒரு பக்கம்னு நோட்டுல எழுதோணும்னும், ஒன்பது நாளா அவங்க பக்கம் வெள்ளையாவே கெடக்குது, உன்ற பக்கம் மட்டும் ரொம்பி வழியுதுன்னும் எழுதியிருந்ததைப் படிச்சு எனக்கும் சங்கடமாத்தான் போச்சு.

புள்ளை அழுதுட்டே எழுதியிருக்குதுன்னு உங்கப்பா சட்டையை மாட்டிக்கிட்டு போஸ்டாபீசுக்குப் போயிட்டாரு. நானும் சரின்னுதான் சொன்னேன், அதை மறைக்கலை. தந்திப் பாரத்துல எழுதி நீட்டியிருக்கறாரு. தந்தி வாங்கற நரசிம்மலு அதைப் படிச்சுப்போட்டு, ஏனுங்க அக்காளுக்கு என்னாச்சுங்கன்னு கேட்டு அழுகவே ஆரம்பிச்சுட்டாராமா. உங்கப்பாவுக்குப் பொய் எழுத வரும், சொல்ல வராது. தந்தி வேண்டாமுங்க, நானே நேர்ல போய்ப் புள்ளையைக் கூட்டிட்டு வாரேன்னு ஒளறிப்போட்டு, பாரத்தை வாங்கிக் கிழிச்சுட்டு ஓடியாந்துட்டாரு. ஆக உனக்கு வர வேண்டிய தந்தி உனக்கு வரலை, ஊருக்கெல்லாம் போயிருச்சு.

நான் வாசல்ல உக்காந்து முறுக்குத் தின்னுட்டு இருக்கறேன், தெருவே தெரண்டு நம்மூட்டைப் பாத்து வருது. உங்கப்பா பொறவாசல் வழியா வந்து, போய்ப் படுத்துக்க தெய்வா, இல்லாட்டி என்ற மானம் போயிரும்னு கையெடுத்துக் கும்புடறாரு. கல்யாணமாகி இருவத்தஞ்சு வருசத்துல வேலையைப் போட்டுட்டுப் படுன்னு அந்த மனுசன் சொன்னது அன்னிக்குத்தான், விடுவனா, போத்திட்டுப் படுத்துட்டேன். வாயைத் தொறந்தாச் சிரிப்பு வந்துரும்னு பேச்சு நின்னு போனவளாட்டக் கெடந்தேன். ரெண்டு நாள்ல மூணு ஹார்லிக்ஸ் பாட்டில், ஒரு கூடை சாத்துக்குடி, அதெல்லாம் குத்தம் சொல்ல முடியாது. ஆனா வந்தவங்க கேட்ட கேள்வி இருக்குதே. அடுத்தூட்டு மாசாணத்தக்கா மூஞ்சிக்கு நேரா வந்து, நான் ஆருன்னு சொல்லு, இது எத்தனை வெரலு, எங்க வலிக்குதுன்னு கேட்டுட்டே இருந்துது. வலிக்கலைன்னாலும் வலி வந்துரும் போல இருந்துது. மொத நாள் நான் பேசாததெல்லாம் நடிப்பு. ரெண்டாம் நாள், போர்வைக்குள்ள ஒளிஞ்சு முறுக்குத் திங்கறதுக்குத் தவிர, நெசமாவே எனக்கு வாயைத் தொறக்கப் புடிக்கலை.

அன்னிக்குப் பாத்து அந்தியூர்ல இருந்து உன்ற அத்தை, என்ற நங்கையா முத்தாத்தாள், சந்தைக்கு வந்த ஒறம்பரைச் சனத்தை எல்லாம் ஊட்டோட விட்டுப்போட்டு, மூணு பஸ் மாறி வந்து எறங்கிட்டாங்க. அவங்க வாயைப் பத்தி உனக்கே தெரியும், இன்னிக்கு நான் தொலைஞ்சேன்னு கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன். அவங்க ஒண்ணுமே கேக்கலை. கட்டிலுக்குப் பக்கத்துல ஒரு மொறத்தை இழுத்துப்போட்டுப் பூண்டு உரிச்சுட்டே உக்காந்துட்டாங்க. ஒரு மணி நேரம் போச்சு, ரெண்டு மணி நேரம் போச்சு, பூண்டு தோலு சத்தந்தான். எனக்கு என்ன வந்துதோ தெரியலை, நானா வாயைத் தொறந்து, நங்கையா, புள்ளையை அத்தன தூரம் அனுப்பிச்சதுல இருந்து எனக்கு ஊடே புடிக்கலீங்க, அதான் அவ கேட்ட ஒடனே பொய்த் தந்திக்குத் தலையாட்டிப்போட்டேன், அவளுக்காக இல்லீங்க, எனக்காகன்னு சொல்லி அழுதுபோட்டேன். உங்கப்பாகிட்டக்கூட அதைச் சொன்னதில்லை. அத்தை முந்தானையில என்ற கடைவாயைத் தொடைச்சுவிட்டு, முறுக்குத் துணுக்கு ஒட்டியிருக்குது, வந்தப்பவே பாத்துட்டேன்னாங்க. அப்புறம் ஏனுங்க கேக்கலைன்னேன். கேட்டா நீ பொய் சொல்லோணும், நான் நம்போணும், ரெண்டு பேருத்துக்கும் எதுக்கு அந்தச் செரமம்னாங்க.

நான் நர்சுக்குப் படிச்சவ இல்லை கண்ணு, ஆனா ரெண்டு நாள் வாய் மூடிப் படுத்துக் கெடந்தவ. ஆரு வந்து சும்மா உக்காந்தாங்கன்னு படுத்துக் கெடக்கறவளுக்குத் தெரியும். அந்தம்மா பக்கம் வெள்ளையா இருக்குதேன்னு வெசனப்படாதே, உன்ற பக்கத்தையும் சித்தே வெள்ளையா உட்டுப் பாரு. உங்க டீச்சரம்மா வைதா வைஞ்சுட்டுப் போறாங்க.

நீ நூறு வருசம் நல்லா இருக்கோணும் சாமி. ஞாயித்துக்கெழமை மறக்காம எண்ணெய் வெச்சுத் தலைக்கு ஊத்திக்க, ஹார்லிக்ஸ் ஒண்ணு ஆளு வந்தாக் குடுத்தனுப்பறேன். தந்தி குடுக்கறதா இல்லை, அதுக்காக வராதேன்னு சொல்லலை. இது கெடைச்சதும் போய் அந்தம்மா பக்கத்துல உக்காந்து பாரு, ஒரு வாரம் பாரு. அப்பவும் ஆகலைன்னா, ஆகலைன்னே ஒரு வரி எழுது. உங்கப்பா அடுத்த ரயில்ல வந்து கூட்டிட்டு வந்துருவாரு, வருசம் போனாப் போகட்டும். ஊட்டுல ஒருத்தரும் உன்னை ஒண்ணும் கேக்க மாட்டோம்.

இப்படிக்கு,
உன்ற அம்மா
கு. தெய்வாத்தாள்