மைக்காரி சொல்லாத வசனம்

அக்கா,

நேற்று மதியம் மூன்று மணிக்கு நம் மைக்காரியைப் பார்த்தேன்.

இப்போது படூரில் இருக்கிறோம். வீட்டு முன்னறையில்தான் என் தையல் கடை. கல்லூரிப் பெண்களும் அடுக்குமாடி வீட்டுக்காரிகளும் சுடிதாரைப் பிடித்துக் கொடுக்கச் சொல்லி வருவார்கள். நான் ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். பரீட்சை லீவில் இருக்கும் என் மகள் ரிமோட்டை அமுக்கி அமுக்கிச் சேனல் சேனலாக ஓடிக்கொண்டிருந்தாள். கறுப்பு வெள்ளையில் ஒரு முகம் வந்து போனது. "ஏய், நில்லு! பின்னாடி போ!" என்று நான் போட்ட கத்தலில் அவள் ரிமோட்டையே கீழே போட்டுவிட்டாள். அதே பெரிய கண், அதே அப்பின மை. பதினோரு வருஷத்தில் அவளுக்கு ஒரு நாள்கூட வயது ஏறவில்லை. எனக்குத்தான் ஊசி கோர்க்கக் கண்ணாடி வேண்டியிருக்கிறது.

நேற்று வரைக்கும் உன்மேல் எனக்குக் கோபம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மார்பில் வந்த கட்டியை மாசக்கணக்கில் மறைத்து வைத்து, கைமீறிப் போன பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய், முப்பத்திரண்டு வயதில் செத்தும் போனாயே, அதற்காக இல்லை. "ஒருத்திகிட்ட மட்டும் சொன்னேன்" என்று டாக்டரம்மாவிடம் சொன்னாயாமே, அதற்காக. அந்த ஒருத்தி யார்? என்னை விட்டால் செங்கல்பட்டில் உனக்கு யார் இருந்தார்கள்? பதினோரு வருஷமும் எனக்கு இதே கேள்விதான்.

ஏரிக்கரைப் பக்கத்து அந்த வீட்டில் நாங்கள் கீழ் போர்ஷன், நீங்கள் மேல் போர்ஷன். உன் வீட்டுக்காரருக்குக் கல்பாக்கத்தில் ஆராய்ச்சி ஆபீஸ். காலையில் ஆபீஸ் பஸ் ஏறினால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்புவார். என் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டினார். நீ திருநெல்வேலிப் பக்கம், பி.ஏ. இங்கிலீஷ். நான் கருங்குழி, எட்டாவதோடு சரி. முதல் தடவை அளவு ஜாக்கெட்டோடு நீ படியிறங்கி வந்தபோது, "வாங்கக்கா, உக்காருங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். மூன்றாம் மாசம் நீயே அதட்டினாய். "ஏட்டி, அதென்ன வாங்க போங்க? நான் என்ன உனக்கு டீச்சரா?" அன்றிலிருந்து நீ, வா, போ என்றுதான் பேசினேன். எழுதும்போதும் அப்படியேதான் வருகிறது.

உங்கள் வீட்டில் டி.வி. இருந்தது, கேபிள் இல்லை. அதற்கு நீ கீழே எங்கள் வீட்டுக்குத்தான் வருவாய். உன் மாமியாருக்குச் சினிமாச் சத்தமே ஆகாது. மத்தியானம் மேலே படுத்திருப்பார். ஆனால் காது மட்டும் தூங்காது. எங்கள் வீட்டில் ஒரு பாட்டு கேட்டால் போதும், "அங்கன என்னட்டி கூத்து?" என்று மாடியிலிருந்து குரல் வந்துவிடும். அதனால்தான் அந்தச் சேனலைக் கண்டுபிடித்தாய். புதன்கிழமை மூன்று மணிக்கு, கோட்டுப் போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் சோபாவில் உட்கார்ந்து பேசுவார். ஒரு மாசம் முழுக்க ஒரே நடிகை, அல்லது ஒரே நடிகர். எல்லாம் பேசாத படம். பின்னால் ஓடுகிற பியானோவையும் அணைத்துவிட்டால் வீட்டில் டி.வி. ஓடுவதே தெரியாது.

மேலே கேட்க வேண்டிய சத்தத்துக்கு நான் இருந்தேன். ஒரு வெட்டுத் துணியை மிஷினில் போட்டு நேராகவும் குறுக்காகவும் ஓட்டிக்கொண்டே இருப்பேன். "இன்னுமா ஒரு ஜாக்கெட் முடியல?" என்று உன் மாமியார் கேட்பார். "இன்னும் கை வைக்கல அத்தே!" என்று நீ இங்கிருந்து கத்துவாய். இரண்டு வருஷம் அந்த ஜாக்கெட்டுக்குக் கை வைக்கவே இல்லை.

கோட்டுக்காரர் பேசும்போது மட்டும் சத்தத்தை இரண்டு கோடு ஏற்றி, டி.வி.யோடு காதை ஒட்டிக்கொண்டு கேட்பாய். கேட்டுவிட்டு எனக்குச் சொல்வாய். "பேசுற படம் வந்ததும் இவளுக்கு வேலை போச்சாம்ட்டி. குரல் எடுபடலன்னுட்டாங்களாம்." எனக்கு ஆத்திரமாக வந்தது. "இத்தினி நாளு கண்ணாலயே எல்லாரையும் அழவெச்சாளே, அது பத்தலியா அவங்களுக்கு?" என்றேன். அவளுக்கு மைக்காரி என்று பெயர் வைத்தது நான். குடையோடு எங்கே போனாலும் விழுந்து வைக்கிற ஒல்லி ஆசாமிக்குக் குச்சிக்காலன் என்று பெயர் வைத்தது நீ.

அவர்கள் வாயசைத்து முடித்ததும் கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து வரும். என்ன பேசினார்கள் என்று அதுதான் சொல்லும். எனக்கு அதில் ஒரு எழுத்தும் ஏறாது. நீ படித்துக் காதோரமாகத் தமிழில் சொல்வாய். தமிழ் என்றால் சும்மா தமிழா! தொப்பி வைத்த துரை குனிந்து மைக்காரியின் கையைப் பிடித்து, "ஏளா, சோறு தின்னியா?" என்று கேட்பான். மாடிக்குக் கேட்கக் கூடாதே என்று வெட்டுத் துணியை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பேன். கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

ஒருநாள் திருக்கழுக்குன்றம் கோயிலுக்கு என்று வீட்டில் சொல்லிவிட்டு அதே பஸ்சில் மாமல்லபுரம் வரைக்கும் போனோமே. கடற்கரைக் கோயிலுக்கு அந்தப் பக்கம், அலைச் சத்தத்தில் நீ மைக்காரியாகவே ஆகிவிட்டாய். புறங்கையை நெற்றியில் வைத்தாய், தள்ளாடினாய், குரலே இல்லாமல் வாயை மட்டும் அசைத்தாய். நான் பலகை படித்தேன். "பசிக்கிது, சுண்டல் வாங்கிக் குடு!" மணலில் உட்கார்ந்து சிரித்தாய். அதை ஒரு வெள்ளைக்காரி போட்டோ பிடித்துவிட்டாள். அது ஏதாவது பத்திரிகையில் வந்து, சுற்றி வந்து, உன் வீட்டுக்காரர் மேஜைக்குப் போய்விடுமோ என்று இரண்டு பேரும் ஒரு வாரம் தூங்கவில்லை. லூசுங்க, நாம இரண்டு பேரும்.

அந்தக் கடைசித் தீபாவளிக்கு இரண்டு ஜாக்கெட் தைக்கக் கொடுத்தாய். "இடது கைக்குழி கடிக்குதுட்டி. ஒரு விரல் லூசு விடு" என்றாய். "நில்லுக்கா, டேப்பு வெச்சுப் பாத்துர்றேன்" என்றேன். "அதெல்லாம் வேண்டாம், அளவு ஜாக்கெட்தான் இருக்குல்லா" என்று டேப்பைத் தள்ளிவிட்டாய். "இன்னாக்கா, ஒரு பக்கம் மட்டும் சதை போடுதா?" என்று கிண்டல் செய்தேன். நீயும் சிரித்தாய். ஒரு விரல் விட்டேன். கார்த்திகையில் இன்னொரு விரல் விடச் சொன்னாய், அதையும் விட்டேன். நான் தையற்காரி, அக்கா. பெண்கள் உடம்பு இளைப்பதும் பருப்பதும் வீட்டுக்காரனுக்கு முன்னால் எனக்குத்தான் தெரியும். எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அதே கார்த்திகையில்தான் அந்தப் படம் வந்தது. மைக்காரி ஒரு பழைய பெரிய வீட்டில் தனியாக இருக்கிறாள். காதலன் கப்பலில் போயிருக்கிறான். ஜன்னலோரம் நின்று, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, இடது மார்பில் கையை வைத்துக்கொள்கிறாள். பலகை வந்தது. நீ உடனே படிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாய்.

"இவளுக்கு இங்கன ஒரு கட்டி இருக்காம்ட்டி. யார்கிட்டயும் சொல்லலியாம்."

"ஐயோ! ஏன் சொல்லல? வாய்ல இன்னா கொழுக்கட்டையா?"

"கூச்சமாம். ஆம்பள டாக்டர் தொட்டுப் பாப்பானேன்னு. வீட்ல தெரிஞ்சா என்ன சொல்லுவாங்களோன்னும் பயமாம்."

கறுப்புப் பையோடு ஒரு பெரியவர் வந்து கதவைத் தட்டினார். மைக்காரி கதவுக்கு இந்தப் பக்கம் ஒட்டிக்கொண்டு நின்றாள். "வைத்தியர் வந்திருக்காரு. இவ திறக்க மாட்டேங்கா" என்றாய். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. துணியால் கண்ணைத் துடைத்துவிட்டுத் திரும்பினால், நீ டி.வி.யைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"நீயா இருந்தா என்னட்டி பண்ணுவ? சொல்லுவியா?"

மிஷினை மிதித்துக்கொண்டே பதில் சொன்னேன். "நானா? மூச்சு வுட மாட்டேன்க்கா. சொன்னா அந்தாளு மறுநாளே வேற ஒருத்தியக் கூட்டாந்துருவான். அப்பால எம்பொண்ண யாரு பாப்பா?"

என் வீட்டுக்காரர் அப்படிப்பட்ட ஆளே இல்லை. எனக்குக் காய்ச்சல் என்றால் வண்டியை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும் மனுஷன். வாய்க்கு வந்தது, சொன்னேன். கேட்டால் நீ சிரிப்பாய் என்று நினைத்தேன்.

"ஆமாட்டி, நீ சொல்றதும் சரிதான்" என்றாய். மேலேயிருந்து உன் மாமியார் கூப்பிட்டார். படம் முடியவில்லை. நீ எழுந்து போய்விட்டாய். பலகை படிக்க ஆள் இல்லாமல் நானும் டி.வி.யை அணைத்துவிட்டேன். அந்த முடிவை நாம் இரண்டு பேருமே பார்க்கவில்லை.

மாசியில் குளியலறையில் மயங்கி விழுந்தாய். மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் எல்லாம் பார்த்துவிட்டு, இனி செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஊருக்கு அழைத்துப் போகக் கார் வந்து நின்றது. பின் சீட்டில் உன்னைச் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். நான் ஜன்னல் வழியாக உன் கையைப் பிடித்துக்கொண்டு, தெருவே பார்க்க, ஓவென்று கத்தினேன். "எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியாக்கா? நான் இன்னா செத்தா பூட்டேன்?" நீ கையை இழுத்து என் கன்னத்தைத் தட்டிக் கொடுத்தாய். அவ்வளவுதான்.

சித்திரையில் நீ போய்விட்டாய். வீட்டைக் காலி செய்ய வந்த உன் மாமியார் என் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். அவர் அழுது அன்றுதான் பார்த்தேன். "டாக்டரம்மா கேட்டிருக்கா, ஏம்மா ஒருத்தர்கிட்டகூட சொல்லலியான்னு. 'ஒருத்திகிட்ட சொன்னேன்'னு சொல்லிருக்கா. யாருன்னு எத்தனையோ வாட்டி கேட்டுட்டோம், வாயத் திறக்கல. எந்தப் பாவியோ, கேட்டுக்கிட்டு சும்மா இருந்திருக்கா."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "எந்த நாசமாப் போனவ அவ? ஒரு உசுரு போவுதுன்னு தெரிஞ்சும் வாய மூடிக்கினு இருந்தாளே, அவ வெளங்குவாளா? அவளுக்கு நல்ல சாவு வருமா?" என்று மண்ணை வாரித் தூற்றாத குறையாகச் சாபம் விட்டேன். அந்த ஒருத்தி எதிர்த்தெரு டீச்சரம்மாதான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அவளிடம்தானே நீ புத்தகம் வாங்கிப் படிப்பாய்! அதற்கப்புறம் அவள் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். மகள் கல்யாணத்துக்கு ஜாக்கெட் தைக்கக் கொண்டுவந்தபோது, "டைம் இல்ல" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். அவள் என்னவோ கேட்க வந்து, கேட்காமலே போனாள்.

நேற்று மகளிடம் பெருமையாகச் சொன்னேன். "இந்தப் படம் எனக்கு அத்துப்படி. நீ படிக்கவே வேணாம், இப்ப அவ இன்னா சொல்லப் போறான்னு நானே சொல்றேன் பாரு. நெஞ்சுல கட்டின்னு சொல்லுவா."

பலகை வந்தது. மகள் படித்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள்.

"இன்னாம்மா உளர்ற? 'அவன் எழுதின கடிதம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது'ன்னு போட்டுக்கீது."

"சரியாப் படி!"

"சரியாத்தாம்மா படிக்கிறேன். லவ் லெட்டர டிரெஸ்ஸுக்குள்ள ஒளிச்சு வெச்சுகினு தொட்டுத் தொட்டுப் பாக்குது."

கறுப்புப் பை ஆசாமி வந்தார். "இவரு வைத்தியர்" என்றேன். மகள் அடுத்த பலகையைப் படித்தாள். பியானோ ரிப்பேர் செய்கிறவராம். பழைய பாக்கிக்குப் பயந்துதான் அவள் கதவைத் திறக்கவில்லையாம். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். கடைசியில் கப்பல்காரன் திரும்பி வந்தான். மைக்காரி மார்புக்குள் கையை விட்டுக் கடிதத்தை எடுத்துக் காட்டிச் சிரித்தாள். அவளுக்கு எந்த நோயும் இல்லை, அக்கா.

"யாரும்மா உனக்கு இப்டி ஒரு கதய வுட்டது?" என்று மகள் கேட்டாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு டி.வி.யை அணைத்தாள்.

சொன்னாய், அக்கா. என்னிடம்தான் சொன்னாய். நேராகச் சொல்ல வாய் வராமல், வெளிநாட்டுக்காரி ஒருத்தியின் வாயசைப்புக்குள் ஒளிந்துகொண்டு சொன்னாய். சொன்னதோடு விடாமல், நான் என்ன செய்வேன் என்றும் கேட்டாய். "இழுத்துக்கினு போய் டாக்டராண்ட காட்டுவேன்" என்று நான் சொல்லியிருந்தால், அன்றே படியேறிப் போய் வீட்டில் சொல்லியிருப்பாயோ என்னவோ. மூச்சு விடாதே என்று நான் சொன்னேன். அதன்படியே இருந்துவிட்டாய்.

டீச்சரம்மாவைப் போய்ப் பார்க்க வேண்டும். என்ன சொல்லி அவள் காலில் விழுவது என்று தெரியவில்லை. நான் விட்ட சாபமெல்லாம் எனக்கே வந்து சேரட்டும். அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன்.

தாங்க முடியாதது வேறு. டாக்டரம்மா கேட்டாள். உன்னைப் பெற்றவள் கேட்டாள். மாமியார் தலையில் அடித்துக்கொண்டு கேட்டார். கார் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, வெட்கமில்லாமல், நானும் கேட்டேன். உன்கிட்டதானேட்டி சொன்னேன் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தெரு முழுக்க என்னைக் காறித் துப்பியிருக்கும். உனக்கு அது தெரியும். அத்தனை வலியிலும், அத்தனை பேர் கேட்டும், நீ என் பெயரைச் சொல்லவில்லை.