கிடை போட்ட புஞ்சை

மல்லாங்கிணறு,
14.11.2006

அன்புள்ள மச்சானுக்கு,

முத்துப்பேச்சி எழுதுவது. நானும் உங்கள் மகள் ரோஜாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். அந்த நாட்டு வெயிலில் நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்கள், தலையில் துண்டு கட்டாமல் சாரத்தில் ஏறுவதில்லை என்று நம்பிக்கொண்டு இதை எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை போனில் புஞ்சை எப்படி இருக்கிறது என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்லாமல் போனை ரோஜா கையில் கொடுத்துவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பீர்கள். கோபமெல்லாம் இல்லை. போன் கடைக்காரர் பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அங்கே அழுதால் பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். அதனால்தான் கடிதம்.

தீபாவளி முடிந்து சிவகாசிப் பட்டாசுக் கம்பெனியில் லீவு விட்டுவிட்டார்கள். கையில் ஒட்டியிருந்த அலுமினியப் பவுடர் இப்போதுதான் போனது. ரோஜா நன்றாகப் படிக்கிறாள், கணக்கைத் தவிர. அதில் அப்படியே உங்களை உரித்து வைத்திருக்கிறாள்.

புஞ்சை விஷயத்துக்கு வருகிறேன். ரோஜா பிறப்பதற்கு முன்பே சீமைக்கருவேலம் மூடிய நிலம் அது. அந்த மரத்தை வாய் நிறையத் திட்டவும் எனக்கு மனசு வருவதில்லை, இத்தனை வருஷமும் நம் அடுப்பு அதில்தான் எரிந்தது. ஆனாலும் அதன் கீழே ஒரு புல் உண்டா? கிணற்றில் தண்ணீர்தான் நின்றதா? பங்குனியில் மெஷினை விட்டுத் தூரோடு பிடுங்கிப் போட்டேன் என்று சொன்னபோது நீங்கள் போனில் சிரித்தீர்கள். ‘ஒரே ஒரு வெள்ளாமை எடுத்துக் காட்டு புள்ள, அப்புறம் நான் ஏன் இங்கன கெடக்கேன்’ என்றீர்கள். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை மாதம் ஓடினேன்.

வெறும் மண்ணாகக் கிடந்த நிலத்துக்கு உரம் வேண்டாமா? ஆனி மாதம் சங்கையா அண்ணனின் ஆட்டுக்கிடையை நம் புஞ்சையில் போடச் சொன்னேன். ராத்திரியில் ஆடுகள் அடைந்து கிடந்தால் அந்தப் புழுக்கையே போதும், வேறு உரமே வேண்டாம் என்பது நம் பக்கத்தில் யாருக்குத் தெரியாது? வட கோடியைத் தவிர எல்லா இடத்திலும் கிடையை மாற்றி மாற்றிப் போட்டோம். அதற்குள் வேறு ஊரில் கூப்பிட்டார்கள் என்று அண்ணன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்கோ அவ்வளவு பெருமை. புரட்டாசியில் உளுந்து விதைத்தேன்.

ஐப்பசி மழை கொட்டியது. உளுந்து முளைத்திருக்கும் என்று ஆசையாக ஓடினேன், மச்சான். உளுந்து முளைத்திருந்தது. அதைவிட நெருக்கமாக வேறொன்றும் முளைத்திருந்தது. குனிந்து பார்த்தால் புழுக்கைக்குப் புழுக்கை சீமைக்கருவேலங்கன்று. அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

சொல்லி அனுப்பியதும் சங்கையா அண்ணன் வந்தார். பார்த்ததும் அவர் முகம் செத்துப்போனது. ‘கோடையில ஆடுகளுக்கு வேற என்ன தாயி இருக்கு? அந்தக் கருவேலங்காயத்தான தின்னுச்சுக. கொட்டையெல்லாம் புழுக்கையோட வந்து விழுந்திருக்கு. எனக்கும் ரோசனை இல்லாமப் போச்சே’ என்று தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இருட்டும்வரை எங்களோடு உட்கார்ந்து கன்று பிடுங்கினார். அவரை என்ன சொல்லித் திட்டுவது? கூப்பிட்டவளே நான்தானே.

ஈரம் இருக்கும்போதே பிடுங்கினால் வேரோடு வந்துவிடுகிறது. மண் காய்ந்துவிட்டால் கடப்பாரைதான். நானும் ரோஜாவும் தினமும் போகிறோம். முக்கால்வாசி உளுந்து கன்றோடு சேர்ந்து வந்துவிட்டது. இந்த வருஷம் வெள்ளாமை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் தேறாது. அதைச் சொல்லத்தான் வெள்ளிக்கிழமை எனக்கு வாய் வரவில்லை.

கிடை போடாத அந்த வட கோடியை மட்டும் நீங்கள் பார்க்க வேண்டும். யாரும் விதைக்காமல் கொழுக்கட்டைப்புல் தழைத்து நிற்கிறது. தும்பை பூத்திருக்கிறது. இது என்ன பூ என்று ரோஜா கேட்டாள், நம் புஞ்சையில் அவள் அதைப் பார்த்ததே இல்லை. நேற்று புல்லுக்குள்ளிருந்து ஒரு காடை விருட்டென்று எழுந்து பறந்தது. பயந்து என்னைக் கட்டிக்கொண்டவள், அப்புறம் வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தாள்.

இன்னும் இரண்டு வருஷம் அங்கேயே வேலை பார்க்க இந்த மாதக் கடைசியில் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்றீர்களே, மச்சான். அதை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அன்று கன்று பிடுங்கிவிட்டுப் புறப்படும்போது சங்கையா அண்ணன் சொன்னார்: ‘இந்தக் கொட்டை வருசக்கணக்கா மண்ணுக்குள்ள கெடக்கும் தாயி. மழைக்கு மழை முளைக்கும். விடாமப் பிடுங்கணும், அம்புட்டுதான்.’ அப்போதுதான் எனக்கு உறைத்தது. புஞ்சை சுத்தமாகட்டும், பிறகு வரலாம் என்று நீங்கள் காத்திருந்தால், ரோஜாவுக்குக் கல்யாணமே முடிந்துவிடும்.

நல்ல வெள்ளாமையைக் காட்டித்தான் உங்களைக் கூப்பிட வேண்டும் என்று இருந்தேன். காட்ட என்னிடம் ஒன்றுமில்லை. கை நிறைய முள்தான் இருக்கிறது. இருந்தாலும் கூப்பிடுகிறேன். கையெழுத்துப் போடாதீர்கள். இருக்கன்குடி மாரியம்மன் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பாள். அடுத்த மழைக்கும் முளைக்கும், மச்சான். அப்போது பக்கத்தில் உட்கார்ந்து பிடுங்க நீங்கள் வேண்டும்.

உங்கள்
முத்துப்பேச்சி