நேத்துத் தண்ணி

ஏப்ரல் 9
மலைமேல் இருக்கிற பழங்குடிக் குடியிருப்புக்குக் குளோரின் கேட்டிருந்தேன். மேலதிகாரியின் பதில் வந்துவிட்டது: "மழைக்காலம் ஜூனில் தொடங்கும். அப்போது அனுப்பப்படும்." ஒழுகுகிற சுகாதார நிலையத்துக்குள் குடை பிடித்தபடி படித்தேன். அனுமதி வாங்காமல் இரண்டு மாதம் முன்னாடியே வந்தது மழையின் குற்றம்தான்.

ஏப்ரல் 12
குடியிருப்பு குடிக்கிற ஊற்று செம்மண்ணாகக் கலங்கிவிட்டது. ஏழு பேருக்கு வயிற்றுப்போக்கு. வீடு வீடாகப் போய், "காய்ச்சிக் குடிங்க" என்று கத்தினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். என்ன அருமையான நர்ஸ் நான்!

ஏப்ரல் 15
அங்கே தேனெடுக்கிறவள் ஒருத்தியின் மகளுக்கும் வந்துவிட்டது. ஐந்து வயது. கண் குழிந்துபோய், கிள்ளினால் தோல் அப்படியே நிற்கிறது. தாயிடம் எரிந்து விழுந்தேன்.
"நீங்க சொன்ன மாதிரி கொதிக்க வெச்சுத்தான் குடுத்தேன்க்கா."
புளுகுகிறாள் என்று நினைத்தேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு இறங்கினோம்.

ஏப்ரல் 16
சலைன் பாட்டில் ஏறுகிறது. பயமா இருக்கு. பிழைச்சிடுவாளா?

ஏப்ரல் 18
கண் திறந்து பிஸ்கட் கேட்டாள். வராந்தாவில் நின்று அழுதேன்.

ஏப்ரல் 21
மேலே போனேன். என் கண்ணெதிரேதான் தேனெடுக்கிறவள் தண்ணீர் காய்ச்சினாள். தளதளவென்று கொதித்தது. இறக்கினாள் — ஊற்றுத் தண்ணீரை ஒரு செம்பு மொண்டு அதில் ஊற்றினாள்!
"என்ன பண்றே?"
"விளாவுறேன்க்கா. இந்தப் புழுக்கத்துல சுடச்சுட யாரு குடிப்பா?"
"ஆற வைக்கக் கூடாதா?"
"ஆறுறதுக்குள்ள விடிஞ்சு நேத்துத் தண்ணி ஆயிடும். பழசை யாரு தொடுவா?"
அவள் புளுகவில்லை. மூன்று வருஷமாக நான்தான் பாதி சொல்லியிருக்கிறேன்.
மத்தியானம் நிலையத்துக்குத் திரும்பி, மாத்திரை போட வெந்நீர் எடுத்தேன். குழாய்த் தண்ணீரை விளாவப் போன கை பாதியில் நின்றது.

ஏப்ரல் 26
இப்போது வீட்டுக்கு இரண்டு மூடிபோட்ட பானை: இன்று காய்ச்சியது ஒன்று, குடிக்க, நேற்று காய்ச்சி ஆறியது ஒன்று. பிழைத்து வந்த மகளைக் காட்டி வீடு வீடாகச் சொன்னது தேனெடுக்கிறவள். நான் வாயே திறக்கவில்லை. அதனால்தான் நடந்தது போலிருக்கிறது.

ஜூன் 3
கொளுத்தும் வெயிலில் மழைக்காலக் குளோரின் வந்து சேர்ந்தது. கூடவே மேலதிகாரி, பேனர், கேமரா. ஐயாவுக்குத் தாகம். தேனெடுக்கிறவள் அப்போதுதான் காய்ச்சி இறக்கிய பானையைப் பார்த்து, "கொஞ்சம் பச்சத்தண்ணி விளாவிக் குடும்மா" என்றார்.
"விளாவக் கூடாது சார். நேத்துத் தண்ணி இருக்கு, குடிங்க" என்றாள்.
"பழசையா?" என்று என்னை முறைத்தார்.
மூட்டைகளை இறக்கிப் பூட்டி வைத்தேன். அடுத்த மழை எந்த மாதம் வருமோ, யார் கண்டது.
பிறகு மே மாத அறிக்கையைக் கையெழுத்துக்கு நீட்டினார். வயிற்றுப்போக்கு: இல்லை. காரணம்: குளோரின் விநியோகம்.
அந்தக் குளோரின் லாரியிலிருந்து இறங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அந்தக் காரணத்தை அடித்துவிட்டு, 'நேத்துத் தண்ணி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.