பதினான்காம் பிரிவு

4 டிசம்பர் 2000, சுகர் லேண்ட்

என் மனைவி சாரதாவின் தம்பி மதன், பக்கத்து ஊரான கேட்டியில் ஓர் அலுவலகக் கட்டடத்தைப் பார்த்து வைத்திருக்கிறான். ஐந்து குடும்பங்கள் சேர்ந்து வாங்குவதாகத் திட்டம். அடுத்த ஆண்டு வணிகக் கட்டட முதலீடு எப்படியிருக்கும் என்று ஞாயிறன்று நான் அவர்களிடம் பேச வேண்டுமாம். "மாமா, வக்கீல் பாஷையெல்லாம் வேண்டாம். ஏறும்னு ஒரே வார்த்தை. போதும்." வாடகை ஒப்பந்தத்தைக் கொண்டுவரச் சொன்னேன். கோவை நீதிமன்றத்தில் ஒன்பது ஆண்டுகள், இங்கே இத்தகைய ஒப்பந்தங்களைச் சரிபார்க்கும் பணியில் ஆறு. வாசிக்காத தாளைப் பற்றி நான் பேசியதில்லை.

8 டிசம்பர்

வாசித்தேன். கட்டடம் முழுவதும் ஒரே எரிசக்தி நிறுவனத்திடம். பதினான்காம் பிரிவின்படி, தொண்ணூறு நாள் முன்னறிவிப்பில் அது வெளியேறலாம். ஏற்கெனவே ஆட்களைக் குறைத்துவருகிறது. என் கருத்து: 2001இல், ஒற்றை வாடகைதாரரை நம்பி எதையும் வாங்கலாகாது.

10 டிசம்பர்

எங்கள் கூடத்தில் பதினொரு பேர். "பதினான்காம் பிரிவை வாசிக்கிறேன்" என்றேன். வாசிக்கவில்லை. மதனின் முஷ்டி என் கண்ணாடியோடு முகத்தில் இறங்கியது. புருவம் கிழிந்து ரத்தம் ஒப்பந்தத்தின் மேல் கொட்டியது. விழுந்த பிறகும் விலாவில் உதைத்தான். "என் டீலக் கெடுக்கவா உன்னக் கூப்ட்டேன்? எந்திரிடா!"

பக்கத்து வீட்டார் போலீஸை அழைத்துவிட்டனர். சாரதா என் காதருகே குனிந்து, "அரெஸ்ட் ஆனா அவன் கிரீன் கார்டு போச்சுங்க" என்றாள். படியில் விழுந்தேன் என்று அதிகாரியிடம் கூறினேன். மாடியே இல்லாத வீட்டை அவர் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, எழுதிக்கொண்டார். என் வாழ்நாளின் முதல் பொய் வாக்குமூலம். ஏழு தையல்.

11 டிசம்பர்

கண்ணாடி இல்லாம எழுதறேன். கோடு தெரியல. அவன் கைய முறிக்கணும். மணிக்கட்டுல இல்ல — முழங்கைல.

19 டிசம்பர்

கருப்பசாமி தொலைபேசியில் அழைத்தார். ஐவருள் மூத்தவர், தம் பங்குக்காகத் திருப்பூர் வீட்டை விற்றவர். "வக்கீல் சார், அன்னிக்கு என்னமோ வாசிக்க வந்தீங்களே, என்னங்க அது? மதன் ஒண்ணுமில்லைங்கறாப்ல."

ஒரு நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். சாரதா எதிரில் நின்று, வேண்டாம் என்று தலையை அசைத்தாள்.

"தங்கள் சொந்த வழக்கறிஞரைக் கேட்பது உசிதம்" என்றேன். பிழையற்ற வாக்கியம்.

"எனக்கு உங்கள உட்டா வேற வக்கீல் யாருங்க?" என்று சிரித்தார்.

22 ஜனவரி 2001

வாங்கிவிட்டார்கள்.

16 ஆகஸ்ட்

நிறுவனம் முன்னறிவிப்பு கொடுத்துவிட்டது. பதினான்காம் பிரிவு. மகிழ்ந்தேன். அதையும் பதிவுசெய்கிறேன்.

18 நவம்பர்

காலியான கட்டடத்தின் வாசலில் ஐவரும் கூடினர். இனி என்ன வழி என்று சொல்ல என்னையும் அழைத்திருந்தனர். கருப்பசாமி நேரே தம் கார் டிக்கியைத் திறந்து ஜாக்கி ராடை எடுத்தார். "ஒண்ணுமில்லைன்னியேடா! ஒண்ணுமில்லைன்னியே!" முதல் அடி மதனின் தோளில். இரண்டாவது காதில், எலும்பு நொறுங்கும் ஓசை கேட்டது. நான் ஆறடி தொலைவில் நின்றேன். எண்ணினேன். நான்காவதற்குப் பிறகே அவர் கையைப் பிடித்தேன். முதலாவதிலேயே பிடித்திருக்க முடியும். இந்த வாக்குமூலம் பொய்யல்ல.

கருப்பசாமிக்கு மூச்சிரைத்தது. "உங்களுக்கு அப்பவே தெரியுமுங்களா?"

"தெரியும்."

"அப்ப நாலுல ரெண்டு உங்களுக்குச் சேர வேண்டியதுங்க." ராடைக் கீழே போட்டார்.

மருத்துவமனையில் எப்படி நேர்ந்தது என்று செவிலி கேட்டாள். மதன் என் புருவத் தழும்பைப் பார்த்தபடி, படியில் விழுந்ததாகச் சொன்னான்.

23 டிசம்பர்

மதன் இப்போது எங்களோடு இருக்கிறான். வலது காது இனிக் கேட்காதாம். மதியம் சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "அடுத்த வருஷம் எப்படி மாமா இருக்கும்?"

நான் அவனுடைய வலப்பக்கம் இருந்தேன். எழுந்து, நாற்காலியை இடப்பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"இறங்கும்" என்றேன். ஒரே வார்த்தை.