உன் பூட்டன் சொன்ன வாக்கு

என் அன்பு மார்த்தா அக்கா,

நீ போய் ஒரு பனிக்காலம் முடிந்துவிட்டது. நாம் சேர்ந்து வேலை செய்த ஒடென்சே நகர முதியோர் இல்லத்தில் உன் வேலைக்கு வேறொருத்தி வந்திருக்கிறாள். கோப்பி நன்றாகப் போடுவாள், வாய்தான் திறக்கமாட்டாள். எனக்கோ யாரோடாவது கதைக்காவிட்டால் தலை வெடித்துவிடும்.

இலங்கையில் சண்டை முடிந்துவிட்டதாம். வன்னியில் இருந்த என் தம்பி சேகரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. தொலைபேசி அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் பயம்.

உன் பூட்டன் கதைதான் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. டென்மார்க் ஆண்ட உங்கள் கரீபியன் தீவில், கடலுக்குப் போய்த் திரும்பாத மகனைப் பற்றி ஒரு தாய் கேட்க, அவர் போத்தல் தண்ணீரைப் பார்த்து வாக்குச் சொன்னார். மந்திரம் காட்டி ஏமாற்றினார் என்று டேனிஷ் நீதிமன்றம் அவரைச் சிறையில் போட்டது. போத்தலையும் கோழி இறகையும் சாட்சியாக மேசையில் பரப்பி வைத்தார்களாம். "அந்தத் தாய்க்கு என்ன சொன்னாய் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை" என்று பொருமுவாய். என்னதான் சொல்லியிருப்பார், அக்கா?

போன வெள்ளி பூமணி மாமி வீட்டுக்குப் போனேன். மட்டக்களப்பில் அம்மன் உரு வந்து வாக்குச் சொன்னவர். நான் புறப்படும்போது, "இதெல்லாம் ஏமாற்று, அம்மா" என்று என் மகள் டேனிஷில் கத்தினாள். இவள் என் வயிற்றில் பிறந்தாளா, அந்த நீதிபதி வீட்டில் பிறந்தாளா?

கூரையில் இருக்கும் புகை எச்சரிக்கை மணி அலறாமலிருக்க அதைத் துணிப்பையால் கட்டிவிட்டுக் கற்பூரம் கொளுத்தினோம். மாமி கண்ணை மூடினார். உரு வரவில்லை, அழுகைதான் வந்தது. அவருடைய மகனும் வன்னியில்தான் அகப்பட்டிருந்தானாம். எனக்கு அதுவரை தெரியாது.

"ஊருக்கெல்லாம் நான் சொல்லுறன். எனக்கு ஆரு புள்ள சொல்லுற?" என்று வேப்பிலையை என் கையில் திணித்தார்.

எனக்கு எந்தத் தெய்வமும் வந்ததில்லை, அக்கா. ஆனாலும் வேப்பிலையை அவர் தலையில் வைத்து, "இருக்கான் மாமி. வருவான்" என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உன்ட தம்பியும் வருவான்" என்றார். பேசியது அம்மன் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் பல நாளுக்குப் பிறகு அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டோம்.

உன் பூட்டன் என்ன சொன்னார் என்று எனக்கு இப்போது தெரியும். என்னையும் கூண்டில் ஏற்றிக் கேட்டால், ஓம், சொன்னேன் என்பேன்.

சேகர் வந்தால் முதலில் உன் கல்லறைக்குத்தான் கூட்டிவருவேன். அவன் வராவிட்டாலும் நான் வருவேன்.

வேறு தீவில் பிறந்த
உன் தங்கச்சி