எங்கிருந்து ஒழுகுது

9-2-87, திங்கள்

காலையில பனி. கொடியில போட்ட துணி இன்னும் ஈரம். காருக்கு அடியில மறுபடியும் எண்ணெய்க் கறை. நேத்தைவிடப் பெரிசு.

இவர் ஷிப்டுக்குக் கிளம்பும்போதே சொல்லிட்டார். "ஞாயித்துக்கிழமை பாகலூர் புரோக்கர் முனிராஜ் வர்றான். வித்துத் தொலைச்சிடலாம். நமக்கு ஒரு ஸ்கூட்டர் போதும்."

நமக்கா! ஸ்கூட்டரை நானா ஓட்டப்போறேன்? லைசென்ஸ் வந்து மாசம் கூட ஆகலை. கெலவரப்பள்ளி ஆத்து ரோட்டுல கத்துக்கொடுத்ததே இவர்தான், வழியெல்லாம் கத்திக்கிட்டே. போன வாரம் தனியா ஆறு வரைக்கும் போயிட்டு வந்தேன். திரும்பி வர மனசே இல்லை. வண்டி போனா அதுவும் போச்சு.

எல்லாம் மெக்கானிக் மஞ்சு வந்து பார்த்ததுல ஆரம்பிச்சது. அத்திப்பள்ளி ஆள், பாதி கன்னடம் பாதி தமிழ். கீழ படுத்துப் பார்த்துட்டு, "ஆயில் சீல் ஹோகிதே அம்மா, போயிடுச்சு. இன்ஜின் இறக்கணும்"னான். அந்தச் செலவைக் கேட்டதும் இவருக்கு வண்டியே கசந்துபோச்சு.

எனக்கென்னமோ நம்பிக்கை வரலை.

10-2, செவ்வாய்

வண்டி அடியில பழைய பேப்பர் விரிச்சேன். பறக்காம கல்லு. மத்தியானம் எடுத்துப் பார்த்தா ரெண்டு கறை.

1. முன்னாடி, ரேடியேட்டருக்குக் கீழ. நிறமில்லை, வாசமில்லை. வெறும் தண்ணி. பைப்போட கிளாம்ப் லூஸ். ஸ்க்ரூ டிரைவரால ரெண்டு திருகு, நின்னுபோச்சு. இவ்வளவுதானா!

2. பின்னாடி, இன்ஜினும் கியர் பாக்ஸும் சேர்ற இடம். கறுப்பு, வழவழ, கருகின வாசம். இன்ஜின் ஆயில். மஞ்சு சொன்ன அதே இடம்.

ஆனா சொட்டற இடம்தான் ஒழுகற இடமா? மழைக்கு எங்க வீட்டு ஓடு உடைஞ்சது ஒரு மூலை, தண்ணி சொட்டினது அடுப்பு மேல.

அடுப்புன்னதும் ஞாபகம் வந்தது. பால் பொங்கி வழிஞ்சு பாதிதான் மிச்சம்.

11-2, புதன்

இவர் போனதும் மண்ணெண்ணெய்த் துணியால இன்ஜின் முழுக்கத் துடைச்சேன். ரேஷன் மண்ணெண்ணெய், வயிறு எரிஞ்சது. காஞ்சதும் மேலிருந்து கீழ வரைக்கும் கோலமாவு தூவினேன். எண்ணெய் எந்த வழியா இறங்குதோ அந்த வழியில மாவு நனையும்ல? என் சொந்த யோசனை! நாலு தெரு ஓட்டிட்டு வந்து நிறுத்தறதுக்குள்ள கேஸ்காரன், அப்புறம் குழாய்த் தண்ணி. பார்க்க நேரமில்லை. நாளைக்கு.

12-2, வியாழன்

எறும்பு! டயர் மேல ஏறி, இன்ஜினுக்குள்ள சாரை சாரையா. எங்க வீட்டுக் கோலமாவு பச்சரிசி மாவு. இந்த மரமண்டைக்கு அது தோணவே இல்லை. தடம் எதுவும் மிச்சமில்லை.

பக்கத்து வீட்டு பிலோமினா டீச்சர் மதில்ல எட்டிப் பார்த்து, "என்னங்க, காருக்குப் பொங்கல் வெக்கறீங்களா?" சிரிச்சு மாளலை ரெண்டு பேருக்கும். அப்புறம் அவங்களே ஒரு டப்பா முகப்பவுடர் நீட்டினாங்க. "இதை எறும்பு தொடாது."

மறுபடி துடைச்சு, மறுபடி தூவி, ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் ஓட்டிட்டு வந்து உடனே பானெட்டைத் தூக்கினேன்.

கிடைச்சாச்சு! வெள்ளை மேல ஒரு கறுப்புக் கோடு. இன்ஜின் தலையில இருக்கற டாப்பெட் கவரோட பின் மூலையில ஆரம்பம். அங்கேருந்து இன்ஜின் முதுகு வழியா இறங்கி, கியர் பாக்ஸ் கிட்டப் போய்ச் சொட்டுது. ஆயில் சீலும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. மஞ்சு மேல தப்பு சொல்ல முடியாது. அவன் பார்த்த அன்னைக்கு எங்க பார்த்தாலும் எண்ணெய்.

உடனே டீச்சரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

13-2, வெள்ளி

கவர்ல ரெண்டே நட்டு. கழட்டினேன். உள்ள கார்க் பேக்கிங், இறுகிப்போய், பின் மூலையில உடைஞ்சிருந்தது. அதைப் பேப்பர்ல சுத்தி எடுத்துக்கிட்டு ஸ்பேர் கடை.

"டிரைவரை வரச்சொல்லுங்கம்மா."

"டிரைவர் நான்தான்."

பக்கத்துல நின்ன ஆள், "அடேங்கப்பா!" கடைக்காரர் மட்டும் சிரிக்கலை. புதுசை எடுத்துக் கொடுத்து, "ரொம்ப இறுக்காதீங்க, கார்க் பிதுங்கிடும்"னார். அளவா இறுக்கினேன். நகமெல்லாம் கறுப்பு. சாம்பார்ல உப்பு ரெண்டு தடவை. இவர் தண்ணி குடிச்சுக் குடிச்சுச் சாப்பிட்டார்.

14-2, சனி

சூளகிரி போய்த் திரும்பினேன். பேப்பர்ல ஒரு சொட்டு இல்லை.

மத்தியானம் இலை போட்டதும் சொன்னேன். "லீக் நின்னுடுச்சுங்க."

"அப்படியா? நல்லதாப் போச்சு, விலை கூடும்"னார். மோர் கேட்டார்.

அவ்வளவுதான். எங்க ஒழுகுச்சு, எப்படி நின்னுச்சு? ஒரு வார்த்தை? ம்ஹூம். என் தலையில நானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டேன். ஒழுகற வண்டின்னா வாங்க நாலு தடவை யோசிப்பான். இப்போ யார் வேணா கொத்திக்கிட்டுப் போவான்.

15-2, ஞாயிறு

முனிராஜ் வந்தான். இவர் வெள்ளைச் சட்டையில. அவன் சாக்கை விரிச்சுப் படுத்து அடியில ரொம்ப நேரம் பார்த்தான். எந்திரிச்சு, "சுத்தமா இருக்கே சார். ஒழுகுதுன்னு மஞ்சு சொன்னானே? யார் சரி பண்ணது?"

"நான்தான்"னார் இவர்.

நான் காபித் தட்டோட நிக்கறேன். கண்ணுக்கு நேரா!

"எங்க ஒழுகுச்சு சார்?"

இவர் என்னைப் பார்த்தார். நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. "காபி ஆறுது, எடுத்துக்கங்க"ன்னேன்.

"அது... கீழ ஒரு நட்டு..."

முனிராஜ் சிரிச்சுட்டான். "ஒழுகறது தெரியாம நல்லாத் தொடைச்சு வெச்சிருக்கீங்க சார். நாங்களும் இதே பொழப்புதான்." காபியைக் குடிச்சான், சைக்கிளை எடுத்தான், விலை கூடப் பேசாம போயே போயிட்டான்.

"ஏம்மே, வாயைத் திறந்து சொல்லக் கூடாது?"

"சரி பண்ணது நீங்கதானே?"

வண்டியைச் சுத்தி வந்தார், குனிஞ்சு பார்த்தார், தலையைச் சொறிஞ்சார். அப்புறம் மெதுவா, "எங்கதான் ஒழுகுச்சு?"

கேட்டுட்டார்! சட்டையைக் கழட்டிட்டு வாங்கன்னு சொல்லி பானெட்டைத் தூக்கினேன்.