எத்தனைக்குப் பத்தொன்பது?

அக்கா,

இந்த நேரத்தில் எழுதுகிறேன் என்று கோபிக்காதே. பிள்ளை இப்போதுதான் கண்ணயர்ந்தாள். அவளுடைய புதுச் சப்பாத்து மேசையில் இருக்கிறது, ரப்பர் மணம் இன்னும் போகவில்லை. அடியில் 20 என்று பொறித்திருக்கிறது. அதையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பின்னேரம் அம்மாவோடு லா ஷப்பல் தமிழ்க் கடைத்தெருவில் சப்பாத்துக் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணை முதலில் 19 போட்டுப் பார்த்தார். பிள்ளை வீரிட்டாள். "இறுக்குது தங்கச்சி, இருபது எடுங்கோ" என்று அவர் மற்றப் பெட்டியைத் திறக்கும்போதுதான் என் போன் அதிர்ந்தது. பல் வைத்தியப் படிப்புக்கான நுழைவுச் சோதனையின் முடிவு. நீ எழுதிய அதே சோதனை, ரொறன்ரோ போய் நானும் எழுதிவிட்டு வந்தது. எல்லாப் பாடத்துக்கும் சேர்த்து என் சராசரி: 19.

அம்மா எட்டிப் பார்த்தார்.

"ஐயோ பிள்ளை, ஒண்டை விட்டிட்டியே! கொக்கா முழுசா எடுத்தவளெல்லோ." கடைக்காரருக்கும் சொன்னார்: "மூத்தவள் இருபதுக்கு இருபது, தம்பி."

பிறகு நான் செய்ததைக் கேள். உனக்கு அழைத்தேன். யோசிக்கவேயில்லை, விரல் தானாக உன் பெயரில் போய் அழுத்திவிட்டது. மணி அடித்தது. ஒரு ஆண் குரல் ஆங்கிலத்தில் யாரென்று கேட்டது. உன் இலக்கத்தை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள், அக்கா. நீ நித்திரையிலேயே போய் இரண்டு குளிர்காலம் கழிந்துவிட்டது. அது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அந்தக் கடைக்குள் நின்று முதல்முறை கேட்டவள் போலத் திடுக்கிட்டேன்.

உன் முடிவு வந்த நாள் ஞாபகமா? எங்கள் வில்லியே லே பெல் வீட்டுக் குசினியில் நின்று "இருபது" என்றாய். அப்பாவின் முகம் கறுத்தது. "இருபதோ? மிச்ச எண்பதும் எங்கை?" அவருக்கு ஊர்ப் பள்ளிக்கூடக் கணக்கு. அம்மாவுக்கோ எங்கள் பிரெஞ்சுப் பள்ளிக்கூட ரிப்போர்ட் பார்த்துப் பழக்கம். "உங்களுக்கு என்ன தெரியும்! இஞ்சை எல்லாம் இருபதுக்குத்தான். முழு மார்க்!"

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். பிறகு வாசலில் கிடந்த அப்பாவின் சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாய்.

"அப்பா, இதிலை 42 எண்டு கிடக்கு. எத்தனைக்கு 42?"

"சப்பாத்துக்கு எத்தனைக்கு எண்டு ஆரும் கேப்பினமோடி?"

"இதுக்கும் கேக்கேலாது. ஊரிலை வாங்கின செருப்பிலை 8 எண்டு கிடக்கு. கால் ஒண்டுதானே?"

அம்மா அதற்குள் லட்டு வாங்க வெளிக்கிட்டுவிட்டார்.

அன்று இரவு எனக்குத்தான் முழுக்க விளங்கப்படுத்தினாய். எல்லாருக்கும் ஒரே வினாத்தாள் வருவதில்லை. ஒன்று கொஞ்சம் கடினம், மற்றது கொஞ்சம் லேசு. அதனால் எத்தனை சரி என்பதை எண்ணி அப்படியே தருவதில்லை, பொதுவான ஓர் அளவுகோலுக்கு மாற்றித் தருகிறார்கள். கடினமான தாள் வந்தவள் குறையச் சரி போட்டும் இருபது எடுக்கலாம், லேசான தாள் வந்தவள் அதே இருபதுக்குக் கூடச் சரி போடவேண்டும். அளவுகோல் முப்பது வரை போகும். ஆனால் இருபது என்றால் முப்பதில் இருபது கேள்வி சரி என்று இல்லை. "எண்ணைப் பாத்துப் பயப்பிடாதையடி. எத்தினை பேருக்கு முன்னாலை நிக்கிறாய் எண்டு பார்" என்றாய்.

பார்த்தேன், அக்கா. எத்தனை வீதம் பேர் எனக்குக் கீழே என்றும் அந்த முடிவில் போட்டிருக்கிறது. பாதிப் பேரைத் தாண்டித்தான் நிற்கிறேன். ஆனால் வாசல் திறக்குமா என்று அதில் இல்லை. நீ உள்ளே போய்ப் படித்தவள், உனக்குத் தெரிந்திருக்கும்.

இவருக்கு ரொறன்ரோவில் வேலை சரிவந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை பதில் சொல்லவேண்டும். "என்னப்பா, போவமோ இல்லையோ? நீர் சொன்னால் சரி" என்று கேட்டுவிட்டுப் படுத்துவிட்டார். அங்கே போவதே நான் படிக்கத்தான். இடம் கிடைக்காவிட்டால் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு உன் ஊரில், நீ இல்லாத ஊரில், நான் என்ன செய்வேன்?

யார் எந்த எண்ணைச் சொன்னாலும், "எத்தனைக்கு?" என்று கேட்பதற்கு முதல் அப்பாவின் சப்பாத்தும் கையுமாக நீ வந்து நிற்கிறாய். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். பயத்தைப் போக்க அது போதும். முடிவெடுக்கக் காணாது.

பத்தொன்பது எனக்கு அளவோ, அக்கா? இறுக்குமோ? வெள்ளிக்கு முதல் ஒரு சொல் போதும். கெதியாப் பதில் போடு.